காருக்குத் திரும்பி வந்த கைத்தொலைபேசி

1985-ஆம் ஆண்டு மலேசியச் சாலைகளுக்கு இரண்டு புதுவரவுகள். ஒன்று எல்லாருக்கும் நினைவிருக்கும். ஜூலை 9-ஆம் தேதி அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது அறிமுகம் செய்து வைத்த புரோட்டோன் சாகா. மற்றது அதே ஆண்டில் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய ‘ஆத்தூர் 450’ என்னும் நடமாடும் தொலைபேசிச் சேவை. பெயரைக் கேட்டதும் சேலத்துப் பக்கத்து ஆத்தூர் என்று நினைத்துவிட வேண்டாம். வானொலி அலைவழி இயங்கும் தானியங்கித் தொலைபேசி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

அந்தத் தொலைபேசி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கும் பொருளல்ல. காரில் பொருத்தி வைக்கும் கனமான கருவி. பெரிய முதலாளிகளும் குத்தகையாளர்களும்தான் அதை வைத்திருந்தார்கள். சாகா பலருக்காக வந்தது, ஆத்தூர் சிலருக்காக வந்தது. இரண்டும் சாதாரண மக்களின் வண்டிக்குள் ஒன்றாகச் சந்தித்துக்கொள்ள ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்தச் சந்திப்பைப் பெரும்பாலும் நடத்தி வைத்தவர்கள் கார்த் தொழிற்சாலைக்காரர்கள் அல்லர். கடைவரிசை ஓரத்தில் ஸ்குரூ டிரைவரும் டேப்புமாக உட்கார்ந்திருக்கும் அக்சசரி கடைப் பையன்கள்தாம்.

காரில் ஒலிக்கருவி பொருத்தும் தொழிலுக்கு வயது தொண்ணூறுக்கு மேல். 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் தமது ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு வானொலியைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலித் தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்றார். மாநாட்டுக் கூடத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுச் சத்தமாகப் பாட விட்டதுதான் அவர் செய்த விளம்பரம். அந்த வானொலிக்கு அவர் வைத்த பெயர் மோட்டோரோலா. மோட்டார் காரையும், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த விக்ட்ரோலா இசைப்பெட்டியையும் சேர்த்துக் கோத்த பெயர் அது. பின்னாளில் கைத்தொலைபேசிக்குப் பேர்போன நிறுவனத்தின் பெயரே காரிலிருந்து பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

அக்காலத்திலேயே எதிர்ப்பும் கிளம்பியது. ஓட்டுநரின் கவனம் சிதறும், பாட்டுக் கேட்டபடியே தூங்கிவிடுவார் என்றெல்லாம் சொல்லி, மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரிலும் கார் வானொலியைத் தடை செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. இதில் ஒரு வேடிக்கை. அதே செயின்ட் லூயிஸ் நகரில்தான் 1946 ஜூன் 17 அன்று உலகின் முதல் கார் தொலைபேசிச் சேவை தொடங்கியது. கருவியின் எடை ஏறத்தாழ 36 கிலோ. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1973 ஏப்ரல் 3 அன்று, மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்றபடி கையடக்கத் தொலைபேசியில் பேசிக் காட்டினார். காருக்குள் வானொலியை ஏற்றிய நிறுவனமே தொலைபேசியைக் காரிலிருந்து கீழே இறக்கியும் விட்டது!

மலாக்கா மாநிலத்துத் தமிழர்களின் கதை வேறு தடத்தில் ஓடியது. மலாயாவில் வாணிப நோக்கில் ரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டது இம்மாநிலத்தில்தான். 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் அதைத் தொடங்கினார். ஜாசின், அலோர்காஜா வட்டாரங்களில் எழுந்த தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். கார் என்பது துரையின் பங்களா வாசலில் நிற்கும் பொருள். கிராணிக்கு மோட்டார் சைக்கிள், தொழிலாளிக்குச் சைக்கிள். அவசரம் என்றால் தோட்டத்து லோரி.

ஆனால் காரின் ஓர் உறுப்பு மட்டும் லயத்து வீட்டுக்குள் முன்கூட்டியே நுழைந்துவிட்டது. அதுதான் பேட்டரி. பல தோட்டங்களில் மாலையில் ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர் இரவு பத்து மணி வாக்கில் நின்றுவிடும். 1963 டிசம்பர் 28-இல் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கிய குடும்பங்கள் பல அதைக் கார் பேட்டரியில்தான் ஓட்டின. வாரம் ஒரு முறையாவது அந்தப் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, டவுனில் உள்ள கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிவர வேண்டும். சிவப்பு ஒயர் எந்த முனைக்கு, கறுப்பு ஒயர் எந்த முனைக்கு, மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கேயே கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் கார் ஒயரிங் வேலைக்குப் போனவர்களுக்குப் பன்னிரண்டு வோல்ட் என்பது பழகிய விஷயமாக இருந்தது.

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஒலிநாடா, அதாவது நம் கேசட், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் காருக்குள்ளும் ஏறியது. அதுவரை காரில் தமிழ் கேட்க வேண்டுமானால் வானொலியின் தமிழ்ப் பகுதி பாடும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதோடு அலைவரிசையும் கிடைக்க வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் வளைந்து போகும் சாலையில் அது கிடைத்தாலும் கிடைக்கும், இரைந்தாலும் இரையும். கேசட் வந்ததும் அந்தக் காத்திருப்பு முடிந்தது. கேட்பவரே பாட்டைத் தேர்ந்தெடுத்தார். வாடகைக் காரோட்டிகளும் லோரி ஓட்டுநர்களும் ஸ்பீக்கருக்குச் செலவழிக்கத் தொடங்கியது இதன் பிறகுதான்.

திருட்டும் கூடவே வந்தது. கண்ணாடியை உடைத்து ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு போவது சாதாரணமானது. கைப்பிடி வைத்து உருவி எடுக்கும் ரேடியோக்கள் வந்தன. அதைப் பெட்டி போலத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைவது ஒரு காலத்தில் கெத்து! பிறகு முகப்பை மட்டும் கழற்றும் ரகம் வந்தது.

1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பெரோடுவா கஞ்சிலும் சந்தைக்கு வந்தது. மலாக்கா தமிழர் வாழ்க்கையில் இவ்விரண்டும் ஒன்றாக வந்ததை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ரப்பர் அழிந்து செம்பனை ஏறியிருந்தது. பிள்ளைகள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கும், அதையும் தாண்டிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போயிருந்தார்கள். வாரக் கடைசியிலும் தீபாவளிக்கும், செங் சன்னாசிமலை மாசி மகத்துக்கும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சிம்பாங் அம்பாட், ஆயர் குரோ, ஜாசின் என்று டோல் சாவடிகள். அடுத்த ஆண்டே மெக்சிசும் டிஜியும் தங்கள் சேவையைத் தொடங்க, கைத்தொலைபேசி மெல்ல மெல்லச் சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. கார், நெடுஞ்சாலை, தொலைபேசி மூன்றும் ஒரே குடும்பத்துக்குக் கிடைத்த முதல் தலைமுறை இதுதான். அதனால்தான் “எங்க வந்துட்ட?” என்று வீட்டிலிருந்து அம்மா கேட்கும் கேள்வி, ஓடும் காருக்குள் ஒலிக்கத் தொடங்கியது.

அக்சசரி கடைகளின் பொற்காலமும் இதுவே. கார் ஒன்று, கருவி ஒன்று, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவே ஒரு தரகர் வேண்டும். குறுவட்டுக் கருவியின் ஒலியைக் கேசட் துவாரம் வழியே அனுப்ப, ஒயர் தொங்கும் போலிக் கேசட் ஒன்று வந்தது. அதற்குள் நாடா கிடையாது. ரேடியோவில் உள்ள காந்தத் தலைக்கு நேராக இன்னொரு காந்தத் தலை உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். கேசட் துவாரமே இல்லாத கார்களுக்குச் சிகரெட் லைட்டரில் செருகும் குட்டி எஃப்.எம். ஒலிபரப்பி வந்தது. டவுனுக்குள் நுழைந்ததும் பக்கத்து அலைவரிசை குறுக்கிட்டுப் பாட்டைத் தின்றுவிடும். விலை மலிவு, தரமும் அப்படியே.

ஜப்பானிலிருந்து மறுசீரமைப்புச் செய்து இறக்குமதியாகும் ‘ரீகோன்’ வண்டிகளில் வேறொரு சிக்கல். ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை நீண்ட காலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம் நாட்டிலோ 87.5 முதல் 108 வரை. பெரும் பணம் கொடுத்து வாங்கிய பெரிய வேனில் கிள்ளான் பள்ளத்தாக்கின் 99.3 ராகா கிடைக்காது! ஏரியல் ஒயருக்கும் ரேடியோவுக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு மாற்றியைச் செருகினால், அது வரும் அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். இருபது இறக்கும் ரகமாக இருந்தால் 99.3 என்பது திரையில் 79.3 என்று தெரியும். இதைப் புரிந்துகொள்ளாமல் வண்டி கெட்டுவிட்டது என்று திரும்ப ஓட்டி வருபவர்களும் உண்டு.

தொலைபேசிக்கு வருவோம். ஆரம்பக் காலக் கார் கிட்டில் ஒவ்வொரு தொலைபேசி ரகத்துக்கும் தனித் தாங்கி. தொலைபேசியை மாற்றினால் தாங்கி குப்பைக்கு, டேஷ்போர்டில் போட்ட ஓட்டை மட்டும் மிச்சம். இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது புளூடூத். 1994-இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய ஆய்வு அது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஒருவரின் பட்டப்பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் பிரான்சின் பேரட் போன்ற நிறுவனங்களின் கிட்டுகள் கார்களுக்கு வந்தன. முதலில் அவற்றில் பேச்சு மட்டுமே கேட்கும். இசையை இரட்டைத் தடத்தில் அனுப்பும் முறை 2003-இல்தான் வகுக்கப்பட்டது.

வேலை நடக்கும் விதம் எளிது, ஆனால் கவனம் வேண்டும். ரேடியோவின் பின்னால் உள்ள பிளக்கைக் கழற்றி, நடுவில் கிட்டின் பிளக்கைச் செருக வேண்டும். அழைப்பு வந்ததும் கிட் பாட்டை நிறுத்திவிட்டு முன் ஸ்பீக்கர்களைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். வழக்கமான நிறக் கணக்குப்படி, மஞ்சள் ஒயரில் எந்நேரமும் மின்சாரம் இருக்கும், சிவப்பில் சாவி திருப்பினால்தான் வரும், கறுப்பு தரை. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் காரை அணைக்கும்போதெல்லாம் ரேடியோ தன் நினைவை இழக்கும். இரண்டையும் மஞ்சளிலேயே கட்டிவிட்டால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். நல்ல கடைக்காரர் வண்டியின் ஒயரை வெட்டவே மாட்டார். அந்த வண்டிக்கான மாற்றுப் பிளக்கைத் தேடிப் பிடித்துப் போடுவார். ஒலிவாங்கி ஒயரைக் காற்றுப்பை இருக்கும் இடத்தின் குறுக்கே இழுக்கவும் மாட்டார். ஐந்து ரிங்கிட் பிளக்குக்குக் கணக்குப் பார்த்து ஒயரை வெட்டச் சொல்வது பெரும்பாலும் வாடிக்கையாளர்தான்.

இத்தனை பாடும் எதற்காக? சட்டத்துக்காகவும் உயிருக்காகவும். 1959-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து விதிகளில் 17ஏ விதி, ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. மாட்டினால் 300 ரிங்கிட் வரை சம்மன். ஹேண்ட்ஸ்ஃபிரீ கிட் போட்டவர் சம்மனிலிருந்து தப்பிவிடுகிறார். ஆபத்திலிருந்தும் தப்பிவிடுகிறாரா என்பதுதான் கேள்வி.

1997 பிப்ரவரியில் ரெடெல்மையர், திப்ஷிராணி என்ற இரு ஆய்வாளர்கள் டொரோண்டோவில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளியிட்டார்கள். தொலைபேசியில் பேசும் நேரத்தில் விபத்து ஆபத்து நான்கு மடங்கு என்று தெரிந்தது. கையில் பிடிக்காத ரகத்தால் பாதுகாப்பு கூடியதாகவும் தெரியவில்லை. 2006-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்டிரேயர் குழுவினர் ஓட்டுப்பயிற்சிக் கருவியில் நடத்திய சோதனையும் இதையே காட்டியது. பேசுகிறவரின் கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் முன்னால் லோரி பிரேக் போடுவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடியில் முப்பது மீட்டர் கடக்கிறது. “சிரம்பான் தாண்டிட்டேன்மா” என்று சொல்லி முடிப்பதற்குள் அறுபது மீட்டர் போய்விடும்.

எனவே கிட் வேண்டாம் என்பதல்ல. குனிந்து தொலைபேசியைத் தேடுவதற்கும், எண்ணைத் தட்டுவதற்கும் அது எவ்வளவோ மேல். சாலையை விட்டுக் கண் விலகுவது குறைகிறது. ஆனால் விற்கும்போது “இது போட்டுட்டா தாராளமா பேசலாம்” என்று கடையில் சொல்கிறார்களே, அந்தத் தாராளம்தான் உண்மையல்ல. 1930-இல் வானொலியைப் பற்றிக் கிளம்பிய பயம் மிகையாகப் போனதால் தொலைபேசியைப் பற்றிய பயமும் மிகை என்று வாதிடுவோர் உண்டு. வானொலி பதில் கேட்பதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மலாக்காவில் 1973-இல் சீமென்ஸ் தொடங்கிய தொழிற்சாலை இன்று இன்ஃபினியோன் பெயரில் கார்களுக்கான சில்லுகளையும் தயாரிக்கிறது. அலோர்காஜா பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார்கள் உருவாகின்றன. புதிய கார்கள் தொழிற்சாலையிலிருந்தே புளூடூத்தும் தொடுதிரையுமாக வெளிவருகின்றன. ஆனால் கஞ்சில் தயாரிப்பு 2009-இல் நின்ற பின்னும், மெர்லிமாவ் பக்கமும் மாச்சாப் பக்கமும் அந்த வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்காகக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புளூடூத் ரிசீவர் தொங்குகிறது. பையன் அதைச் செருகித் தொலைபேசியோடு இணைத்துக் கொடுக்கிறான். முதல் பாட்டு ஒலிக்கிறது, பாதியில் அழைப்பு வருகிறது. ஓட்டுநர் காரை ஓரம் நிறுத்திவிட்டு எடுத்தால் சரி.