காஞ்சிநதிக் கரையிற் பேரூர்

கொங்குநாட்டுச் சிவத்தலங்களுள் பேரூர் தொன்மை மிக்கது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் கிழக்கே ஓடிக் காவிரியிற் கலக்கும் நொய்யலாற்றின் கரையில், கோயம்புத்தூருக்கு மேற்கே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் அமைந்துள்ளது. நொய்யலின் பழம்பெயர் காஞ்சி என்பதாம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் தில்லைப் பதிகத்தில் பேரூர்ப் பெருமானை நினைந்து பாடுமிடத்து, ஊரை அவ்வாற்றோடு சேர்த்தே போற்றியருளினார். ஊரும் ஆறும் பிரித்தெண்ணப்படாத நிலை அன்றே இருந்தது.

இக்காலத்தார் பேரூரைக் கோவை மாநகரின் புறநகர் என்பர். பழங்கல்வெட்டுக்களோ நகரைப் ‘பேரூர் நாட்டுக் கோவன்புத்தூர்’ என்று குறிக்கின்றன. பேரூர் தலைமையூராய் விளங்கிய நாட்டில் அது ஒரு புத்தூராய் இருந்தமை இத்தொடரால் விளங்கும். 1866-இல் நகராட்சியாகி, 1888-இல் நூற்பாலை கண்டு, 1981-இல் மாநகராட்சியாய் உயர்ந்த அந்நகரம் இன்று பேரூரை நெருங்கி நிற்கின்றது. மகள் பெயரைச் சொல்லித் தாயை அறிமுகம் செய்வது போன்றதே இது.

ஆயினும் பேரூரின் பெருமை பரப்பினால் வந்ததன்று. நீரினாலும் நெல்லினாலும் வந்தது. சுந்தரர் தம்மைக் காண வந்தபொழுது, பட்டிப்பெருமான் அம்மையுடன் உழவர் கோலங் கொண்டு வயலில் நாற்று நட்டார் என்பது தலவரலாறு. இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்த நந்திதேவர் மண்வெட்டியால் அடியுண்டார். பின்னர்ப் பெருமான் தில்லைக் கூத்தை ஆரூரர்க்கு இங்கே காட்டியருளினார். இதனால் பேரூர் மேலைச்சிதம்பரம் எனப்பட்டது. ஆனித் திங்களில் நிகழும் நாற்று நடவு விழா இன்றும் அவ்வரலாற்றை நினைவூட்டுகின்றது. உழவுத் தொழிலை இறைவனே மேற்கொண்ட ஊரில், ஆற்றுநீரைப் போற்றுவதும் வழிபாட்டின் பகுதியேயாம்.

அக்கூத்தின் திருக்கோலம் விளங்கும் கனகசபையை 17-ஆம் நூற்றாண்டில் அளகாத்திரி நாயக்கர் எடுப்பித்தார். யானையுரித்த பெருமானும், ஊர்த்துவ தாண்டவரும், வீரபத்திரரும், காளியும் தூண்களில் உயிர்பெற்று நிற்பர். கல்லாலாகிய சங்கிலிகள் விதானத்தினின்று தொங்குகின்றன.

ஊரின் தமிழ்வளமும் குறைந்ததன்று. கொலைமறுத்தல், வைராக்கிய சதகம் முதலியன அருளிய சாந்தலிங்க சுவாமிகளின் மரபில் திருமடம் இங்கே தழைத்தது. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவரின் மாணாக்கரான கச்சியப்ப முனிவர், 18-ஆம் நூற்றாண்டில் பேரூர்ப் புராணம் பாடினார். சாந்தலிங்க இராமசாமி அடிகளார் 1953-இல் தமிழ்க் கல்லூரி நிறுவினார். 2018-இல் சிவகதி எய்தினார்.

இறவாப் பனையும் பிறவாப் புளியும் உடையது இத்தலம் என்பர். பிறப்பறுக்கும் இடமென்னும் நம்பிக்கையால், நீத்தார் கடன் ஆற்ற வருவோர் ஆடி அமாவாசையிற் படித்துறையை நிறைப்பர். ஆடிப்பெருக்கில் மகளிர் ஏழு கற்களைக் கன்னிமாராக வைத்து வழிபடுவர். நொய்யலினின்று கால்வாய் வழியே பேரூர்ப் பெரியகுளமும், கீழே உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர்க் குளங்களும் நீர்பெறுமாறு முன்னோர் வகுத்தனர். மேற்குளம் நிறைந்தபின் கீழ்க்குளத்துக்கு நீர் செல்வது அவ்வமைப்பின் இயல்பு. தனக்கென அனைத்தையும் தேக்காமை இதன் உட்பொருள்.

இன்றோ மழைக்காலம் நீங்கின் ஆறு வறண்டுபோகின்றது. கழிவுநீர் அதனிற் கலக்கின்றது. வயல்கள் பல மனைகளாயின. அன்பர் சிலர் ஆற்றில் விடும் பழந்துணியும் நெகிழிப்பையும் இம்மாசினை மிகுவிக்கின்றன. கோபுரத்துக்குப் பொருள் வழங்கும் கைகளே படித்துறையையும் தூய்மையாக வைத்தல் வேண்டும். கல்லைப் புதுப்பிப்பது திருப்பணியாயின், காஞ்சிநதியைக் காப்பதும் திருப்பணியே. கலசத்தில் மந்திர நீர் நிரப்பிக் குடமுழுக்காட்டும் சமயத்துக்கு, நீரின் தூய்மையினும் பெரிய திருப்பணி வேறில்லை. அன்பர்கள் இதனை உளங்கொண்டு, பட்டிப்பெருமான் திருவருளுக்குப் பாத்திரராகுக.