ஐந்தாவது பெயர்

அண்ணனூரில் நாங்கள் ஏறும் புறநகர் வண்டி அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் கடந்து மூர் மார்க்கெட் வளாகத்தில் தன் பயணத்தை முடிக்கும். பெயரில் இருக்கும் சந்தை அங்கே இல்லை. 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய புத்தகங்களும் பழைய இசைத்தட்டுகளும் ஒருங்கே கிடைத்த இடம்; 1985 மே 30 அன்று தீக்கிரையாயிற்று. அது நின்ற மண்ணில்தான் பின்னர் ரயில் நிலையம் எழுந்தது. ஓர் இசைத்தட்டைத் தேடி அவ்வண்டியில் பலமுறை போய்வந்த எங்களை, இறங்கும் இடத்தின் பெயர் ஒவ்வொரு முறையும் உறுத்தியது.

நாங்கள் தேடியது 'சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்'. நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில், சௌத்ஹாம்ப்டன் கல்லூரியில் 1975 ஜூலை 5 அன்று நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு அது. கொலம்பியா நிறுவனம் 1976இல் வெளியிட்டது.

எங்களிடம் இருந்ததோ ஓர் ஒலிநாடா, பிரதியின் பிரதி. அதன் அட்டையில் யாரோ மையால் நான்கு பெயர்கள் எழுதியிருந்தார்கள்: கிதார் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். சக்தி என்றால் நால்வர் என்பதே ரசிகர்களிடம் வழங்கும் நினைவும்கூட. ஆனால் நாடாவில் கடமும் மிருதங்கமும் ஒருசேர ஒலித்தன. கடத்தை மடியில் ஏந்தியவர் அதே கணத்தில் மிருதங்கத்தையும் எப்படி வாசிப்பார்? இன்று இணையம் நொடியில் விடை சொல்லிவிடும். அன்று எங்களுக்குத் தெரிந்த ஒரே சாட்சி அத்தட்டின் உறைதான்.

மெக்லாஃப்லின் வந்த வழி வேறு. மைல்ஸ் டேவிஸ் 1972இல் வெளியிட்ட 'ஆன் த கார்னர்' என்னும் ஃபங்க் இசைத்தொகுப்பில் கிதார் வாசித்தவர் அவர். அதே காலத்தில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் மின் கிதாரின் பேரோசை. அதே மனிதர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றார். ஃபங்க் இசையில் ஜேம்ஸ் பிரவுன், சுற்றின் முதல் அடியில் எல்லா வாத்தியங்களையும் ஒன்றுகூட வைப்பார். நம் தாளத்தில் அவ்விடத்துக்குச் சமம் என்று பெயர். ஃபங்க்கிலிருந்து சக்திக்கு அவர் தாண்டிய தூரம் பலரும் எண்ணுவதைவிடக் குறைவு என்றே தோன்றுகிறது.

தட்டின் முதல் பக்கத்தில் இரண்டு உருப்படிகள். இரண்டாம் பக்கம் முழுதும் சுமார் 29 நிமிடம் நீளும் ஒரே உருப்படி. நீண்ட இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்தைச் சற்றே தாண்டிய அளவே வசதி. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்டவேண்டும். ஒலியின் அளவையும் தாழ்த்தவேண்டும். அப்போது தூசியின் கரகரப்பு எடுப்பாகத் தெரியும். கடத்தின் மெல்லிய விரல்நடை அதில் அமிழ்ந்துவிடும். ஆகவே கீறல் விழுந்த பிரதி எங்களுக்கு உதவாது.

கடைசியில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம், பக்திப் பாடல் தட்டுகளுக்கு நடுவே அது அகப்பட்டது. உறையில் ஐந்து பெயர்கள்! விநாயக்ராமுக்குக் கடத்தோடு மிருதங்கமும் குறிக்கப்பட்டிருந்தது உண்மை. ஆயினும் மிருதங்கத்துக்கென்றே தனியாக இன்னொருவர் இருந்தார்: ராகவன். ராமநாதபுரத்தைத் தம் பெயரில் சுமந்தவர். வெஸ்லியனில் மிருதங்கம் கற்பித்தவர். அடுத்து வந்த 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' (1976), 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' (1977) இரண்டிலும் அவர் இல்லை. அதனால்தான் நினைவு நால்வரோடு நின்றுவிட்டது போலும்.

2024 பிப்ரவரியில் சக்தியின் 'திஸ் மொமென்ட்' கிராமி பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். அன்றிரவு நாங்கள் இரண்டாம் பக்கத்தை முழுதாகக் கேட்டோம். பிறகு பழைய ஒலிநாடாவை எடுத்து, அட்டையில் நான்கு பெயர்களுக்கும் கீழே ஐந்தாவதை எழுதினோம். இருந்த இடம் கொஞ்சம்தான், எழுத்தைச் சிறிதாக்கவேண்டியிருந்தது.