கீரப்பாளையம்: 7 எழுத்து, 12 எண்

சிதம்பரத்தை ஒட்டிய கீரப்பாளையம், கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. அந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்லும்: கீ, ர, ப், பா, ளை, ய, ம். ஆக 7. கணினியைக் கேட்டால் 12 என்கிறது. இந்த இரண்டு விடைக்கும் இடையில் அந்தப் பெயர் நீண்ட தூரம் நடந்து வந்திருக்கிறது.

1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு விதம். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் ஊர்ப்பெயர் குப்பையாகத் தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. இணையத்தில் எழுதியவர்கள் பலர் டிஸ்கி என்ற இன்னொரு குறியாக்கத்தில் இருந்தார்கள். டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும்: ‘ளை’ என்றால் முதலில் ஐகாரக் குறி, பிறகு ள. 1991-லேயே வெளிவந்துவிட்ட யுனிகோடு, வாய் சொல்லும் வரிசையில் வைத்தது: முதலில் ள, பிறகு குறி. ‘கீ’ என்ற எழுத்துக்கு அதில் தனி எண் கிடையாது. ‘க’ ஒன்று, ஈகாரக் குறி ஒன்று. புள்ளிக்கும் தனி எண். அப்படித்தான் 7 எழுத்து 12 எண்ணாயிற்று. யுடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொரு எண்ணும் 3 பைட், மொத்தம் 36 பைட்.

இனி அந்தப் பெயர் ஒரு புரோகிராமுக்குள் நுழைகிறது. ஊர்ப் பட்டியலில் ‘பாளையம்’ என்று முடிபவற்றைப் பிரிக்க வேண்டும். ஒரு வரி வேலைதான். பைத்தான் என்ற நிரல்மொழியில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ‘இதில் முடிகிறதா’ என்று எண்ட்ஸ்வித் கொண்டு நேராகக் கேட்பது ஒன்று. பெயரின் கடைசித் துண்டை ஸ்லைஸ் போட்டு வெட்டி, ‘பாளையம்’ என்பதோடு ஒப்பிடுவது மற்றொன்று. ஸ்லைஸ் சில சமயம் வேகம்தான், ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் செலவு மிச்சம். ஆனால் எத்தனை வெட்டுவது? பா, ளை, ய, ம் என்று எண்ணி மைனஸ் 4 என்று போட்டால் கடைசி 4 எண்கள் மட்டும் வரும்: ஐகாரக் குறி, ய, ம, புள்ளி. இந்தப் பிழையோடு நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். பட்டியல் சரி, எழுத்து சரி, விடை மட்டும் வெறுமை. வெட்டிய துண்டைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. தாங்க மெய்யெழுத்து இல்லாமல் ஐகாரக் குறி ஒரு புள்ளிவட்டத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. அங்கே வேண்டியது மைனஸ் 7.

மைனஸ் 7 என்று திருத்தினால் ஓடும். ஆனால் ஆறு மாதம் கழித்து அதைப் படிப்பவருக்கு அந்த 7 என்ன சொல்லும்? பைத்தான் உலகின் எழுத்துமுறைக் கையேடான பெப் 8, முன்னொட்டு பின்னொட்டுச் சோதனைக்கு ஸ்லைஸ் வேண்டாம், ஸ்டார்ட்ஸ்வித்தும் எண்ட்ஸ்வித்தும் போதும் என்கிறது. அது சொல்லும் காரணம் தெளிவும் பிழைக் குறைவும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது நல்ல பழக்கம். தமிழில் எழுதுபவருக்கு விடை சரியாக வருவதே இதில் அடங்கியிருக்கிறது. வேகக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு சோதனைக்கு 50 நானோவிநாடி மிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும், 10 லட்சம் பெயருக்கு மிச்சமாவது 0.05 விநாடி. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

படிக்க எளிதான வரியும் ஏமாற்றும் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ‘க’வில் தொடங்கும் ஊர்கள் எவை என்று ஸ்டார்ட்ஸ்வித்தைக் கேட்டால் கீரப்பாளையமும் வந்து நிற்கும், ஏனென்றால் அதன் முதல் எண் ‘க’. அகராதிக்காரர் ஒப்புவாரா? பக்கத்து ஒன்றியமான காட்டுமன்னார்கோயிலில் இன்னொரு சிக்கல். ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், சோதனையில் ஒன்று தேறும், மற்றது தோற்கும். பட்டியலை முதலில், இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே எண்ணாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க ஒரு வழி போடப்பட்டது. 2010-ல் தமிழக அரசு யுனிகோடோடு டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண். கீரப்பாளையம் அங்கே 7 தான். கூட்டல் கழித்தலிலேயே உயிரையும் மெய்யையும் பிரிக்கலாம் என்பது அதன் பலம். வேகம், தெளிவு இரண்டும் சேர்ந்து கிடைத்த இடம் அது. ஆனால் உலகம் யுனிகோடில் நின்றுவிட்டது. தேடுபொறியும் கைப்பேசியும் அதைத்தான் பேசுகின்றன.

எனவே எழுத்துகளைப் பிரிக்கும் வேலை மென்பொருளின் கைக்கு வந்தது. முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நூலகம், ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். கீரப்பாளையத்தைக் கொடுத்தால் 7 திரும்பி வரும். மெதுவானதுதான், எண் எண்ணாகப் பார்த்துச் சேர்க்க வேண்டுமே. ‘முதல் எழுத்து என்ன’ என்ற கேள்விக்கு அந்தத் தாமதத்தைத் தயங்காமல் கொடுப்பேன். கோடிக்கணக்கான வரிகளை ஓட்டும் இடத்தில், உண்மையிலேயே அளந்து பார்த்துத் தேவைப்பட்டால், வேகமான வெட்டை ஒரே ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து அதற்கு நல்ல பெயர் சூட்டலாம். பைத்தான் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்கும்: ‘பாளையத்தில்_முடிகிறதா’.

தமிழ்ப் பெயர்களைக் கையாளும் புரோகிராம் உங்களிடம் இருந்தால் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். எங்காவது வெறும் மைனஸ் 7 நின்றால், அதை எடுத்துவிட்டு எண்ட்ஸ்வித் என்று எழுதிவிடுங்கள்.