அடியை விற்றவரும் அடி வாங்கியவரும்

தொண்ணூறுகளின் இறுதியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வளர்ந்த பிள்ளைகளை இரு கட்சிகளாகப் பிரித்த பெருங்கேள்வி மொழி குறித்ததோ அரசியல் குறித்ததோ அன்று. 'அண்டர்டேக்கர் அடிப்பது நிஜமா, கள்ளமா?' என்பதே அக்கேள்வி. அதன்பொருட்டு முறிந்த நட்புகளும் கிழிந்த பள்ளிச் சீருடைகளும் எந்த ஆவணக் காப்பகத்திலும் இடம்பெறவில்லை. எனவே இங்கே எழுதி வைக்கிறேன். அப்பத்தாண்டின் கடைசியில் பிறந்தமையால் இதில் எனக்குச் சொந்தமான நினைவு பாதி. மறுபாதி மூத்தோரிடம் கடனாகப் பெற்றது.

முதலில் களம். 1991இல் ஸ்டார் தொலைக்காட்சி ஆசிய வானுக்கு வந்தது. 1993இல் சன் தொலைக்காட்சியும் ஏசியாநெட்டும் தொடங்கின. எங்கள் பகுதியின் கேபிள் இணைப்பில் இரண்டும் அருகருகே அமர்ந்தன. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், செய்திக்கும் சினிமாவுக்கும் இரண்டும் என்று வாழ்ந்த வீடுகளுக்குள் மூன்றாவதாக ஆங்கில வருணனையோடு உலக மல்யுத்தக் கூட்டமைப்பு நுழைந்தது. அதன் சுருக்கப் பெயரான 'டபிள்யூ டபிள்யூ எஃப்' எங்கள் நாவில் விரைவிலேயே 'டபிள்யூடபிள்யூ' எனத் தேய்ந்தது. வருணனையில் பாதிச் சொற்கள் யாருக்கும் விளங்கவில்லை. எவரும் அதை ஒரு குறையாகக் கருதவும் இல்லை.

காட்சிக்கு உரைநூலாக அமைந்தவை சீட்டுகள். பெட்டிக்கடையில் வாங்கிய மல்யுத்தச் சீட்டில் ஒவ்வொரு வீரனின் தரவரிசை, உயரம், எடை, மார்பளவு, புயத்தின் அளவு ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். பெரிய எண்ணைச் சொன்னவர் எதிராளியின் சீட்டைக் கைப்பற்றுவார். மெட்ரிக் முறைக்கான எடை, அளவுத் தரச் சட்டத்தை இந்தியா இயற்றியது 1956இல். நாற்பதாண்டுகள் கழித்து எங்கள் பிள்ளைகள் அடி, அங்குலம், பவுண்டு ஆகியவற்றைத் தலைகீழாக ஒப்பித்தனர். கணக்கு ஆசிரியர்கள் சென்டிமீட்டருக்குப் பட்ட பாட்டை அண்டர்டேக்கரின் ஆறடிப் பத்தங்குலம் ஒரே வாரத்தில் கலைத்தது.

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது அந்நாளைய உறுதியான நம்பிக்கை. சீட்டில் அச்சாகாத இந்தத் தரவு வாய்மொழியாகவே பரவியது. 1996இல் வெளிவந்த 'கிலாடியோன் கா கிலாடி' என்ற இந்திப் படத்தில் அட்சய் குமார் அவரைத் தூக்கி வீசியபோது நம்பிக்கை சற்று ஆட்டம் கண்டது. படத்தில் நடித்தவர் பிரையன் லீ என்பது பின்னரே தெரிந்தது. 1994இல் 'போலி அண்டர்டேக்கர்' என்ற வேடத்தில் மல்யுத்த மேடைக்கே வந்தவர் அவர். போலியின் போலியைக் கண்டே நாங்கள் அசலின் மீது ஐயம் கொண்டிருக்கிறோம்.

1997 அக்டோபரில் கேன் தோன்றினார். சிறுவயதில் தீவிபத்தில் கருகி, பிரிந்து, பழிவாங்க வந்த தம்பி என்பது அவர் கதை. பிரிந்த உடன்பிறப்புகளைத் தமிழ், மலையாளம் என இரு மொழிப் படங்களிலும் பார்த்துத் தேறியிருந்த எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாயத்தோ மச்சமோ காட்டப்படாததுதான் வியப்பு. அந்தக் கேன் 2018இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ் கவுண்டி மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திரையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் வழி தமிழர்க்கு மட்டும் உரியதன்று.

இனிக் கேள்விக்கு வருவோம். நாங்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த வழக்குக்கு அமெரிக்காவில் முன்னரே தீர்ப்பாகியிருந்தது. 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டின் முன் நிறுவனமே தன் காட்சி போட்டியன்று, கேளிக்கையே என ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவது அதன் நோக்கம். அதற்குமுன் பல பத்தாண்டுகள் மல்லர்கள் காத்த மறைபொருளுக்குக் குழூஉக்குறியில் 'கேஃபேப்' என்று பெயர். வரியை மிச்சப்படுத்த நிறுவனம் வெளியிட்ட இரகசியத்தை, பத்தாண்டுகள் கழித்தும் பாறசாலையில் நாங்கள் பல்லைக் கடித்துக் காத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் இக்கேள்விக்கு விடை சொல்லும் தகுதி பாட்டாவுக்கு மட்டுமே இருந்தது. அவர் இளமையில் தெற்கன் களரியில் பயின்றவர். வட கேரளக் களரியில் ஆசிரியரைக் குருக்கள் என்பர். நெய்யாற்றின்கரையிலும் குமரி மாவட்டத்திலும் அவர் ஆசான். அடிமுறையோடு வர்மமும் அவர் பாடத்தில் அடங்கும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களை அறிந்தவர் கண்ணுக்கு மல்யுத்த மேடை எப்படித் தெரிந்திருக்கும்? மார்பிலும் பிடரியிலும் அடிபட்டு விழுந்த அண்டர்டேக்கர் சட்டென எழுந்து உட்கார்ந்தபோது அவர் சொன்னதாக வீட்டில் இன்றும் சொல்வார்கள்: "அந்த எடத்தில அடி விழுந்தா எழும்ப மாட்டான் மக்களே. எழும்பினான்னா, அடிச்சவன் கெட்டிக்காரன்."

இவ்விடை நெடுங்காலம் எனக்கு விளங்கவில்லை. களரியில் சுவடு என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்ட அடிவைப்பு. இருவர் எதிரெதிர் நின்று பயிலும்போது எந்த வெட்டு எப்போது வரும் என்பது இருவருக்கும் தெரியும். ஆசானின் வாய்த்தாரிக்கு ஏற்பவே உடல் நகரும். இதைக் கள்ளம் என்று யாரும் சொல்வதில்லை. எதிராளி காயமுறாதபடி முழு வேகத்தில் வீசத் தெரிவதே அங்கே தேர்ச்சி. பாட்டா தொலைக்காட்சியில் கண்டது ஒரு சுவடு. ஜிம் ராஸின் வருணனை அவருக்கு விளங்காத மொழியில் ஒலித்த வாய்த்தாரியாகப் பட்டிருக்கலாம்.

மொழியியல் படித்தபின் இன்னொன்று கண்ணில் பட்டது. மல்லர் குழூஉக்குறியில், வாங்கிய அடி வலிப்பதாக நடித்துக் காட்டுவதை 'விற்பது' என்பார்கள். நன்றாக விற்பவர் நல்ல மல்லர். தமிழில் நாம் அடி 'வாங்குகிறோம்'. மலையாளத்தில் அடி 'கொள்ளுவார்கள்'. அந்தக் 'கொள்' என்பதும் நம் கொள்முதலில் இருக்கும் 'கொள்' தான். ஆங்கில மல்லர் விற்ற அடியை எல்லையின் இருபுறத்திலும் நாம் வாங்கிக்கொண்டிருந்தோம் என்றால் வணிகம் நிறைவுற்றது. சொற்பிறப்பின்படி இவ்விரண்டுக்கும் எத்தொடர்பும் இல்லை என்பதை, ஆய்வு நெறியாளர் இப்பதிவைப் படிக்கக்கூடும் என்பதால் குறிப்பிட்டுவிடுகிறேன்.

ஆனால் வணிகத்தில் ஒரு பொருளுக்கு விலை உண்டு. 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் பதினாறடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்டை அண்டர்டேக்கர் கீழே எறிந்தார். அந்த வீழ்ச்சி இருவரும் பேசி வைத்தது. மீண்டும் ஏறிய மேன்கைண்டைக் கூரைமேல் அறைந்தபோது கம்பிவலை பிய்ந்து அவர் மேடைக்குள் விழுந்தது பேசி வைத்ததன்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டுக்கும் ஒரே கைதட்டல்தான் கிடைத்தது. 1999 மே 23 அன்று கன்சாஸ் நகரில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கப்பட இருந்த ஓவன் ஹார்ட், பிணைப்புக் கொக்கி விடுபட்டு விழுந்து இறந்தார். வயது 34. இது காட்சியின் பகுதியன்று என வருணனையாளர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் நிஜம் என்று விற்ற வாய்க்கு, நிஜமான ஒன்றை நம்பவைக்க வேறு சொல் இருக்கவில்லை. ஒப்பந்தத்தில் அடி அடங்கும், தரை அடங்காது.

எல்லையில் பிறந்தவர்க்கு இது புதிய பாடமன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு தாளில், பேச்சுவார்த்தையில் வகுக்கப்பட்டது. நிலத்தில் அதற்கு அடையாளமே இல்லை. ஆனால் அதற்கான போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்கள் எழுந்து உட்காரவில்லை. வகுத்துக்கொண்ட ஒன்று என்பதாலேயே அது பொய்யாகிவிடாது என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. பாட்டா அத்தலைமுறையைச் சேர்ந்தவர். 'கள்ளம்' என்ற சொல்லை அவர் ஏன் பயன்படுத்தவில்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து எனது தீர்ப்பு: இரு கட்சியினரும் தோற்றனர், கிழிந்த சீருடைகளுக்கு இழப்பீடு இல்லை. அச்சீட்டுகளை இன்னும் வைத்திருப்போர் படமெடுத்துப் பின்னூட்டத்தில் இடுங்கள். அண்டர்டேக்கர் சீட்டைத் தருவதாகச் சொல்லி 2004இல் என்னிடம் மூன்று சீட்டுகளை வாங்கிச் சென்ற களியக்காவிளைக்காரர் இதைப் படித்தால், பேச்சுவார்த்தைக்கு நான் இப்போதும் தயார்.