பதகளிப்பு நோயின் வரலாறும் மருதமுனையும்

கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனையில், காரணம் புலனாகாது ஒருவரின் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் பிரியப்போகிறதென்ற திகில் பற்றுமாயின், அவர் பயந்துபோனார் என்பர் அயலவர். தண்ணீர் ஓதிக் கொடுப்பர், இசிம் கட்டுவர். இன்றைய உளமருத்துவம் இந்நிலையைப் பீதிக் கோளாறு எனப் பெயரிட்டுப் பதகளிப்பு நோய்களுள் அடக்கும். முன்னதை மூடநம்பிக்கை எனவும் பின்னதை விஞ்ஞானம் எனவும் வகுத்துவிடுதல் எளிது. ஆயின், இரண்டும் அச்சமுற்றவர் மீதே செயற்படுகின்றன, அவர் வாழும் நிலைமைகள் மீதன்று என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

ஓதிப்பார்த்தலே இஸ்லாமிய மருத்துவ மரபு முழுவதும் எனக் கொள்வதும் பிழையே. பல்க் பிரதேசத்து அறிஞரான அபூ ஸைத் அல்-பல்கி (850–934), உடலையும் உளத்தையும் பேணுதல் பற்றிய தமது நூலில் கோபம், துயர், அச்சம், விடாது அலைக்கும் எண்ணம் என்பவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். நலமாயிருக்குங்கால் மருந்தைச் சேமித்து வைப்பதுபோல, ஆறுதல் தரும் எண்ணங்களையும் சேமித்து வைக்குமாறு கூறினார். இன்றைய சிந்தனைவழிச் சிகிச்சைக்கு இது மிக அண்மித்ததாகும். வியப்பென்னவெனில், மவ்லவிமாரும் டாக்டர்மாரும் நிறைந்த நம் ஊர்களில் அவர் பெயர் அரிதாகவே கேட்கிறது.

மேலைநாட்டில் இந்நோய் தெளிவாக இனங்காணப்பட்ட களங்களுள் ஒன்று இராணுவமாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் படைவீரரிடம் கண்ட நெஞ்சுப் படபடப்பை 1871இல் விவரித்த டா கொஸ்தா, அதனை இதயக் கோளாறாகவே கொண்டார். பிராய்ட் 1895இல் பதகளிப்பை நரம்புத் தளர்ச்சியினின்று பிரித்தெடுத்தார். 1960களில் டொனால்ட் கிளைன், இமிப்பிரமின் என்னும் மருந்து திடீர்ப் பீதியைத் தணித்தமையை ஆதாரமாகக் கொண்டு, பீதி தனிநோய் என வாதித்தார். 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. மருந்து முந்தியது, நோயின் பெயர் பிந்தியது.

மருந்து ஒரு சரக்குமாகும். றோஷ் நிறுவனம் 1960இல் லிபிரியத்தையும் 1963இல் வலியத்தையும் சந்தைக்குக் கொணர்ந்தது. இவற்றின் விலை மிகையானதெனக் கண்ட பிரித்தானிய ஏகபோக ஆணைக்குழு 1973இல் பெருங்குறைப்பை விதந்துரைத்தது. இதற்கு ஈராண்டு முன்னரே இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றியிருந்தது. மருந்தை வணிகப் பெயரை விடுத்துப் பொதுப்பெயரால் வழங்குக என்ற அவரது கோரிக்கை, அச்சத்தை விற்பனைப் பொருளாக்கிய உலகச் சந்தைக்கு எதிரான குரலுமாகும். வலியம் போன்றவை பழக்கத்திற்கு அடிமையாக்குவன என்பது பின்னரே பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

நமது சட்டமோ வேறு பாதையிற் சென்றது. 1873ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் உளநோயாளரை அடைத்துவைப்பதையே முதன்மையாகக் கருதியது. பதகளிப்புற்ற நெசவாளி எவருக்கும் தொல்லை தருபவரல்லர். எனவே அரசின் கண்ணிற் படவில்லை. மாவட்டந்தோறும் உளநலச் சேவையை நாடிய தேசியக் கொள்கை 2005இலேயே வந்தது.

அதனை விரைவுபடுத்தியது 2004 டிசெம்பர் 26இன் கடற்கோளாகும். மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனையின் கரையோரம் சிதைந்தது. அதன்பின் உளவளத்துணையாளர் வந்தனர். அவர்களாற் பலர் பயனடைந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. அச்சம் யாவும் சமூகக் காரணத்தால் எனில் அது கொச்சை மார்க்சியமாகும். ஆயினும், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அதே அரசு முதலில் விதித்தது. எல்லை பின்னர் குறைக்கப்பட்டது. உறங்க இடமில்லாதவரின் உறக்கமின்மையை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்து, எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கிழக்குக் கரையோர மக்கள் குழந்தைகளை ஏந்தி உள்நாடு நோக்கி ஓடினர். பேரலை வரவில்லை. ஓடியவர் திரும்பிச் சென்றது அதே கரைக்குத்தான்.