வல்லவன் (இசைத்தொகுப்பு)

‘வல்லவன்’ மலேசியத் தமிழ்ச் சொல்லிசைக் (ராப்) குழுவான ‘யோகி பி & நட்சத்திரா’ 2006இல் வெளியிட்ட ஆல்பம். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் இணைந்து வெளியிட்ட முழுநீளத் தொகுப்பு இது ஒன்றே. அதே ஆண்டில் சிலம்பரசன் இயக்கி நடித்து வெளிவந்த ‘வல்லவன்’ திரைப்படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பின்னணி

யோகி பி, 1990களில் ‘பொயட்டிக் அம்மோ’ என்னும் நால்வர் குழுவில் புகழ்பெற்றவர். அக்குழுவின் முதல் ஆல்பம் 1998இல் வந்தது. ஆங்கிலம், மலாய், கண்டோனீஸ் பாடல்களோடு தமிழ்ப் பாடலும் அதில் இடம்பெற்றது. பல மொழிகளுள் ஒன்றாக அங்கே நின்ற தமிழ், ‘வல்லவன்’ ஆல்பத்தில் முதன்மை மொழியானது. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் இளைஞர்களும் மலேசியத் தமிழ்ச் சொல்லிசையின் ரசிகர்களாக இருந்தனர்.

இசை

அமெரிக்க ராப் கலைஞர்கள் 1960, 70களின் சோல், ஃபங்க் இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளை எடுத்து, அவற்றின்மேல் தம் வரிகளைச் சொல்லிப் பழகியவர்கள். மலேசியத் தமிழ் வீடுகளில் அந்தப் பழைய இசைத்தட்டின் இடத்தில் இருந்தது தமிழ்த் திரைப்பாடல். ஆல்பத்தின் மிகப் புகழ்பெற்ற பாடலான ‘மடை திறந்து’ இந்த வழியில் உருவானது. அதன் மூலப் பாடல், பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980) படத்தில் இளையராஜா இசையில் எஸ். பி. பாலசுப்ரமணியம் பாடியது, எழுதியவர் வாலி. வாய்ப்புத் தேடும் இசைக்கலைஞன் ஒருவன் தன் வெற்றியைக் கனவு காணும் காட்சிக்கு அமைந்த பாடல் அது. மறுஆக்கத்தில் பழைய மெட்டு பல்லவியாக நிற்க, இடையிடையே மூவரின் சொல்லிசை வருகிறது. தன் திறமையைத் தானே பறைசாற்றுவது ராப் மரபு. மூலப் பாடலின் கருவும் அதுவே என்பதால் இரண்டும் இயல்பாகப் பொருந்தின.

பிரிவும் தாக்கமும்

பின்னர் மூவரும் தனித்தனியே இயங்கினர். யோகி பி தமிழ்த் திரையுலகுக்குச் சென்றார். ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) படத்தின் ‘எங்கேயும் எப்போதும்’ பாடல் ‘பொல்லாதவன்’ (2007) படத்துக்காக மறுஆக்கம் செய்யப்பட்டபோது அதில் பங்கேற்றார். ‘ஆடுகளம்’ (2011), ‘விவேகம்’ (2017), ‘காலா’ (2018) ஆகிய படங்களிலும் அவர் குரல் ஒலித்தது. தமிழ்நாட்டில் ‘ஹிப்ஹாப் தமிழா’ குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது 2012இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, திரைப்படத்தைச் சாராமல் தமிழ் ராப் ஆல்பம் பரவலாகக் கேட்கப்படும் என்பதை ‘வல்லவன்’ காட்டியிருந்தது.