கோழையின் வரலாறும் அடுப்புப் புகையும்

சளி என்றதும் துப்பி எறிய வேண்டிய அழுக்கு என்ற எண்ணமே பலருக்கும் எழுகிறது. இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், மூளையில் சேரும் கழிவே மண்டையோட்டின் அடித்தளத் துளைகள் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் சளியாக வடிவதாகக் கருதினார். ஐரோப்பிய மருத்துவம் ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இக்கருத்தைச் சுமந்து வந்தது. பிட்யூட்டரி சுரப்பியின் பெயரே சளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். பழைய நம்பிக்கையின் தடம் இன்றைய பாடநூலிலும் எஞ்சி நிற்கிறது.

ஜெர்மனியின் விட்டன்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கொன்ராட் விக்டர் ஷ்னைடர் 1660களில் வெளியிட்ட விரிவான நூல் இந்நம்பிக்கையைத் தகர்த்தது. மூளையிலிருந்து மூக்குக்குச் சளி இறங்கும் பாதை எதுவும் இல்லை என்றும், மூக்கின் உட்சவ்வே அதைச் சுரக்கிறது என்றும் அவர் நிறுவினார். சளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. எதற்காக வருகிறது என்ற கேள்வி காத்திருந்தது.

அதற்கான முதல் தடயம் நுண்ணோக்கியின் வழியே வந்தது. பிரெஸ்லாவ் நகரில் யான் புர்க்கின்யேவும் அவருடைய மாணவர் கேப்ரியல் வாலன்டினும், பாலூட்டிகளின் உட்சவ்வுகளில் நுண்ணிய இழைகள் ஓயாது அசைவதை 1834இல் அறிவித்தனர். சிலியா எனப்படும் இக்குற்றிழைகள் மூச்சுக்குழாயின் உட்பரப்பிலும் நிறைந்துள்ளன. ஒரு செல்லில் ஏறத்தாழ 200 இழைகள் இருக்கும்; ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் வீசும். அவற்றைச் சூழ்ந்திருப்பது நீர்த்த திரவம்; அதன்மேல் மிதப்பது பிசுபிசுப்பான கோழை. மனிதர் நாள்தோறும் உள்ளிழுக்கும் சுமார் 10,000 லிட்டர் காற்றோடு வரும் தூசியும் கிருமியும் அந்தக் கோழையில் சிக்கிக்கொள்கின்றன. குற்றிழைகள் அதைத் தொண்டையை நோக்கித் தள்ள, உணர்வுக்கு எட்டாமலே அது விழுங்கப்பட்டு இரைப்பையின் அமிலத்தைச் சென்று சேர்கிறது.

கோழை கிருமியைச் சிறைப்பிடிப்பதோடு நிற்பதில்லை என்பதைக் காட்டியவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் 1921இல், சளி பிடித்திருந்த தம் மூக்கிலிருந்து எடுத்த கோழை சிலவகை பாக்டீரியாக்களைக் கரைத்துவிடுவதை அவர் கண்டார். அதிலிருந்த நொதிக்கு லைசோசைம் என்று பெயரிடப்பட்டது. ஆய்வுக் கட்டுரை 1922இல் வெளிவந்தது. பெனிசிலினை அவர் கண்டறிந்தது அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

இக்காவலின் மறுபக்கம் தொழில்நகரங்களின் புகையில் வெளிப்பட்டது. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி பிரிட்டனில் பெரும் ஆய்வுப்பொருளாயிற்று. நோயியலாளர் லின் ரீட், இந்நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் சுவரில் கோழைச் சுரப்பிகள் தடித்திருப்பதை அளந்து 1960இல் வெளியிட்டார். தொடர்ந்து புகை படும்போது சுரப்பிகள் பெருத்துக் கோழை மிகுகிறது. அதே புகை குற்றிழைகளைச் சிதைப்பதால் தள்ளும் ஆற்றல் குறைகிறது. தேங்கிய கோழையிலேயே கிருமிகள் குடியேறுகின்றன. காக்க வந்த பொருளே நோயின் களமாகிவிடுகிறது. ஓயாத இருமல், செயலிழந்த குற்றிழைகளின் வேலையை உடல் வேறு வழியில் செய்யும் முயற்சியாகும்.

பிரிட்டனில் ஆலைப் புகையும் புகைப்பழக்கமும் பேசப்பட்ட அதே காலத்தில், இந்தியாவில் இச்சான்று ஓர் எதிர்பாராத இடத்தில், இதயநோய்ப் பிரிவில், கிடைத்தது. டெல்லி லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இதயநோய் மருத்துவர் எஸ். பத்மாவதி, பர்மாவின் மாக்வேயில் 1917இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நாட்பட்ட நுரையீரல் நோயின் சுமையால் இதயத்தின் வலப்பக்கம் விரிந்து தளரும் நிலையைப் பற்றி, எஸ். என். பாதக்குடன் இணைந்து 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959இல் அவர் கட்டுரை வெளியிட்டார். மேலைநாடுகளில் இது பெரும்பாலும் ஆண்களின் நோயாகவே அறியப்பட்டிருந்தது. டெல்லியிலோ, புகைப்பழக்கம் அரிதாக இருந்த பெண்களிடமும் ஆண்களுக்கு இணையாகக் காணப்பட்டது. அதுவும் இளைய வயதிலேயே. சிறுவயது முதல் அடுப்படியில் சாண எரு, விறகு ஆகியவற்றின் புகையைச் சுவாசிப்பதே காரணமாகலாம் என்று அவ்வாய்வு சுட்டியது.

அந்தப் புகையை அளந்து காட்டும் பணி கால் நூற்றாண்டுக்குப் பின்னரே நடந்தது. கிர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்து, முடிவுகளை 1983இல் வெளியிட்டனர். ஏழைக் குடும்பப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016இல் வந்தது. பத்மாவதியின் கட்டுரைக்கும் அதற்கும் இடையே 57 ஆண்டுகள். மறு உருளை வாங்கப் பணமின்றி விறகையும் சேர்த்து எரிக்கும் வீடுகள் இன்றும் உள்ளன.

கோழையைப் பற்றிய அறிவியல் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பிய ஆய்வகங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதில் டெல்லி மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடுகளுக்கும் இடம் உண்டு. அடுப்படிப் பெண்களின் இருமல் இயல்பானதாகக் கருதப்பட்ட காலத்தில், அவர்களின் இதயம் ஏன் இளமையிலேயே தளர்கிறது என்று ஒரு மருத்துவர் கேட்டார். அக்கேள்வியே மூச்சுக்குழாயின் தோற்றுப்போன காவலை வீட்டின் சமையலறையோடு இணைத்துக் காட்டியது.